இருபத்து நான்கு மைக்ரான் தூசி

என் கணவர் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். நான் நட்சத்திரத் தூசி பொறுக்குகிறவள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் தூசியிலதான் பொழப்பு" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தூசி வேறு, உங்கள் தூசி வேறு என்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். போன புதன்கிழமை சாயங்காலம் இரண்டும் ஒன்றாகிவிட்டதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆய்வகத்தில் என் வேலை விண்கல்லைக் கரைப்பது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துண்டை எடுத்து அமிலத்தில் போட்டுவிட்டு வாரக்கணக்காகக் காத்திருப்பேன். ஓர் அமிலம் மாற்றி இன்னோர் அமிலம். மண் போகும், இரும்பு போகும், கல்லே போகும். கடைசியில் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் கசடு நிற்கும். அதற்குள்தான் எங்கள் ஆள் இருப்பார். சூரியன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஏதோ ஒரு நட்சத்திரம் தன் கடைசிக் காலத்தில் ஊதித் தள்ளிய புகை அது. ஆறி இறுகி மணியாகி, நட்சத்திரங்களுக்கு நடுவே கோடிக்கணக்கான வருஷம் அலைந்து, வழியில் நட்சத்திர வெடிப்புகளில் அடிபட்டு, இருட்டு மேகங்களில் பனியைப் பூசிக்கொண்டு, கடைசியில் ஒரு கல்லுக்குள் வந்து மாட்டிக்கொண்டது. கூட வந்த மற்ற தூசியெல்லாம் உருகி, ஒன்றோடொன்று கலந்து, சூரியனாகவும் பூமியாகவும் நானாகவும் ஆகிவிட்டது. இது மட்டும் உருகவில்லை, கலக்கவில்லை. அப்படியொரு பிடிவாதம் பிடித்த பொருள். பெயர் சிலிக்கான் கார்பைடு.

அதே சிலிக்கான் கார்பைடைத்தான் தொழிற்சாலைகளில் டன் கணக்கில் காய்ச்சி, தரை தேய்க்கிற கல்லாக்கி விற்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கார்பரண்டம் என்பார். கல்யாணத்துக்கு மறுநாள் இதைத் தெரிந்துகொண்டதும், இரண்டும் கலந்தால் கண்ணால் பிரிக்கவே முடியாதே என்று பயந்தேன். அன்றே சட்டம் போட்டேன். வேலை உடுப்போடு வீட்டுக்குள் வரக்கூடாது. பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். அவர் துணிக்குத் தனி வாளி, தனி கொடி. நானும் ஆய்வகத்தில் தலைக்குக் குளித்து, அங்கே இருக்கிற துண்டில் துவட்டி, அங்கே இருக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டுதான் சுத்த அறைக்குள் நுழைவேன்.

ஆய்வகத்தில் எனக்கு ஊசி என்று பெயர். தூசியைக் கண்ணாடி ஊசியால் எடுத்து வைப்பது நான் என்பதால் அந்தப் பெயர் என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். என் வாயும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். பதிலுக்கு நானும் பெயர் வைத்திருக்கிறேன். துறைத்தலைவர் எந்நேரமும் விண்மேகங்களைப் பற்றியே பேசுவார், ஒரு விஷயத்துக்கும் கீழே இறங்கி வரமாட்டார். அவர் மேகம். நாலு வருஷமாக எங்களிடம் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒல்லியாக, நின்ற இடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டிருப்பாள். அவள் சிட்டு.

மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சிட்டுதான் மைக்ராஸ்கோப்பில் இருந்து தலையை எடுக்காமலேயே கத்தினாள். எங்கள் தூசிகளெல்லாம் ஒரு மைக்ரான், மிஞ்சிப்போனால் இரண்டு. தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான். அவள் பார்த்தது இருபத்து நான்கு மைக்ரான். எங்கள் ஆய்வகத்தில் யாரும் அப்படியொன்றைக் கண்டதில்லை. மேகம் ஓடிவந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கசடைத் தங்கத் தட்டில் சொட்டுவிட்டுக் காயவைத்தவள் நான்.

அது நிஜமாகவே நட்சத்திரத்திலிருந்து வந்ததா என்று பார்வையில் சொல்ல முடியாது. அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிற அயனி எந்திரத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். கார்பனில் எடை குறைந்தது ஒன்று, எடை கூடியது ஒன்று என்று இரண்டு வகை உண்டு. பூமியில் எங்கே தோண்டி எடுத்தாலும் கூடியது ஒன்றுக்குக் குறைந்தது எண்பத்தொன்பதுதான் இருக்கும். எல்லாம் கலந்துவிட்டதால் வந்த கணக்கு அது. நட்சத்திரத் தூசி என்றால் அந்த எண் வேறாக இருக்கும்.

அந்த எந்திரம் எங்களுடையது இல்லை. ஆறு மாதம் காத்திருந்து வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தது. உள்ளே ஒரு தட்டுதான் போகும். தட்டை மாற்றினால் காற்றை உறிஞ்சவே அரை நாள் ஆகிவிடும். ஒரு தட்டில் இந்தப் பெரிய தூசி. இன்னொரு தட்டில் சிட்டு நாலு வருஷமாகச் சேர்த்த அறுபது சின்னத் தூசிகள். மாதக் கடைசியோடு அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிகிறது. இன்னொரு தடவை எந்திரம் கிடைக்க வழியே இல்லை. பெரிய தூசியைத்தான் கொண்டுபோகிறோம் என்று மேகம் முடிவு செய்துவிட்டார். பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லிவைத்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். என் நீலத் துண்டு அவருடைய கொடியில், அவருடைய கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையில் எடுத்தேன். வெயிலில் ஓரத்தில் ஏதோ மினுக்கியது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தட்டில் கசடைச் சொட்டுவிட்ட அன்று ஆய்வக அலமாரியில் துண்டே இல்லை. சலவைக்காரர் வரவில்லை. அலுத்துக்கொண்டே என் பையிலிருந்த நீலத் துண்டில் தலையைத் துவட்டிவிட்டு உள்ளே போனேன். அன்றும் அது இந்தக் கொடியில் காய்ந்ததுதானோ?

என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து டீயைக் கையில் எடுத்திருந்தார்.

"இந்தத் துண்ட யாரு உங்க கொடியில போட்டது?"

"எனக்கென்ன தெரியும்? நான் உன் துண்டத் தொடறதே இல்ல."

"போச்சு. எல்லாம் போச்சு. உங்க தூசியால என் வேலையே போச்சு!"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பெண்ணின் நாலு வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"உன் நட்சத்திரமும் கார்பரண்டம்தான், என் கல்லும் கார்பரண்டம்தான். உன்னுது மட்டும் என்ன ஒசத்தி?"

"எல்லாத்துக்கும் கிண்டலா?"

"கிண்டல் இல்லம்மா. இருபத்திரண்டு வருஷமா பின்பக்கமா வந்து குளிச்சிட்டுதான் வீட்டுக்குள்ள கால வைக்கறேன். மழையிலயும் அப்படித்தான், காய்ச்சல்லயும் அப்படித்தான். பாப்பா பொறந்தப்ப சைட்லேர்ந்து ஓடி வந்தேன். படுத்த படுக்கையில, மொத வேலையா நீ என்ன சொன்ன? போய்க் குளிச்சிட்டு வாங்கன்ன. நான் ஒரு வார்த்த பேசல. இன்னிக்கும் பழி எனக்குத்தானா?"

எனக்குப் பதில் இருந்தது. துண்டை அந்தக் கொடியில் போட்டது அநேகமாக நானாகத்தான் இருக்கும் என்பதுதான் அந்தப் பதில். அது வாயில் வரவில்லை. அவர் எழுந்து தன் பையை எடுத்தார்.

"சைட்ல இன்னும் ரெண்டு நாள் வேலை இருக்கு. அங்கயே தங்கிக்கறேன். உன் தூசிக்கு என்னால எந்தத் தொந்தரவும் வேணாம்."

போகட்டும் என்று நின்றேன். வீம்பு. அவர் தெருமுனை திரும்பிய பிறகு வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த அவருடைய தேய்ந்த கார்பரண்டம் கல் காலில் இடித்தது. கறுப்பாக, ஓரமெல்லாம் மினுமினுவென்று இருந்தது. அதில் ஒரு துணுக்கைப் பெயர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். சொல்லலாமா வேண்டாமா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எந்திரம் எண்பத்தொன்பது என்று காட்டினால், எங்கிருந்தோ வந்த அழுக்கு என்று எழுதிவிட்டுப் போவார்கள். சிட்டுவின் அறுபது தூசியும் அளக்கப்படாமலே பெட்டிக்குள் கிடக்கும், அவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாள். முதலில் நானே பார்த்துவிடலாம் என்று வெளி அறை மைக்ராஸ்கோப்பில் வீட்டுக் கல்லின் துணுக்கை வைத்தேன். பக்கத்தில் பெரிய தூசியின் நிறம் தெரியாத கறுப்பு வெள்ளைப் படம். அச்சு அசல் அண்ணன் தம்பி. என் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிட்டு வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அன்னிக்கு உறைச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனாடி?"

"நாளைக்கு மெஷினு. உங்களுக்கு இப்பதான் உறைக்குதா?"

அவள் என்னை அப்படிப் பேசியதே இல்லை. வாங்கிக்கட்டிக்கொண்டேன். நான் பேசக்கூடிய இடமா அது?

மேகம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "வாய்ப்பே இல்லம்மா. துண்டு, கொடி, இதெல்லாம் கதை. நான் அந்தத் தூசியப் பாத்தேன். அதோட முகமே வேற."

"சார், தூசிக்கு ஏது முகம்? ரெண்டாவது தட்டைக் கொண்டுபோங்க. அந்த அறுபதும் முன்னாடியே எடுத்து வச்ச நிச்சயமான சரக்கு."

"பத்திரிகைக்காரங்ககிட்ட என்ன சொல்றது?"

தரையில் உட்கார்ந்திருந்த சிட்டு நிமிர்ந்தாள். "பெருச ரெண்டாவது தட்டுக்கு மாத்தலாம் சார். எல்லாம் ஒரே தட்டுல போயிடும்."

ஒருமுறை தட்டில் உட்கார்ந்த தூசியை யாரும் தொடுவதில்லை. காற்று காய்ந்திருந்தால் ஊசி நுனியைப் பார்த்ததும் தத்துக்கிளி மாதிரி எகிறிப் போய்விடும். அப்புறம் அந்த அறையையே அரித்தாலும் கிடைக்காது.

"தொலைஞ்சா?" என்றார் மேகம்.

"தொலைஞ்சா என் தலையெழுத்து. அக்காதான் மாத்தணும்."

"வேற யாராவது செய்யட்டுமே" என்றேன். "என் கையில தொலைஞ்சா, வேணும்னேதான் தொலைச்சான்னு சொல்லுவாங்க."

"சொல்லத்தான் சொல்லுவாங்க" என்றாள் சிட்டு. "நானே சொல்லுவேன். ஆனா வேற யாருக்கும் இந்தக் கை இல்ல. அப்படியே உங்க வீட்டுக் கல்லையும் அதே தட்டுல ஒரு ஓரமா வைங்க. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்."

தலைக்குக் குளித்தேன். அலமாரியில் துண்டு இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுக் குளித்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். எழுந்து நடந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். சுத்த அறையில் அதிகம் நடக்கவும் கூடாது, தூசி கிளம்பும். கண்ணாடிச் சுவருக்கு வெளியே சிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து கணவரின் முகம்தான் கண்ணில். போய்க் குளிச்சிட்டு வாங்கன்ன.

திருகைத் திருப்பி ஊசியை இறக்கினேன். நுனி தூசியைத் தொட்டது. கொஞ்சம் நகர்த்தி, விளிம்பைத் தூக்கி, மேலே எடுத்தேன். ஏறியது. தட்டை மாற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தால் ஊசி நுனி காலி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் உடம்பு அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. இருபது வருஷப் பழக்கம் அது, பதறுவதெல்லாம் உள்ளேதான் நடக்கும். கண்ணை மட்டும் ஊசியின் வழியே மேலே கொண்டுபோனேன். ஊசியின் தண்டில், நுனிக்கு வெகு தூரத்தில், பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தது. எகிறியிருக்கிறது, ஆனால் எங்கும் போகவில்லை. தண்டைத் தங்கத்தின் மேல் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, அறுபது தூசிகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். உட்கார்ந்துவிட்டது. மணியைப் பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருந்தது. வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் ஓவென்று அழுதேன். சிட்டு தண்ணீர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை எந்திர அறையில் பத்திரிகைக்காரர் ஒருவரோடு சேர்த்து ஐந்து பேர் நின்றோம். எந்திரத்தை ஓட்டுகிறவர் சிடுமூஞ்சி, யாரையும் எதையும் தொடவிடமாட்டார். முதலில் என் வீட்டுக் கல்லை அளந்தார். எண்பத்தொன்பது. எதிர்பார்த்ததுதான். அடுத்தது பெரிய தூசி. எண்கள் முதலில் மேலும் கீழும் ஆடின. நான் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றேன். ஆட்டம் நின்றது. எண்பத்தொன்பது.

மேகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பத்திரிகைக்காரர் குறிப்பேட்டை மூடிவைத்தார். சிட்டு மட்டும், "அடுத்தது போங்க சார்" என்றாள்.

முதல் சின்னத் தூசி ஐம்பத்திரண்டு. அடுத்தது அறுபத்தொன்று. அடுத்தது நாற்பத்தேழு. ஒன்று நாலு என்று காட்டியது. எந்திரக்காரரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். நாலேதான். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நட்சத்திரத்தின் கடைசி மூச்சு. ஆண்டவா, இவ்வளவு பேர் அந்தக் கல்லுக்குள்ளே இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தார்களா! சிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் காலம் வீண்போகவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அப்போதுதான் எந்திரக்காரர் சொன்னார். "ஒரு விஷயம். அந்தப் பெருசும் இந்தம்மா வீட்டுக் கல்லும் ஒண்ணு இல்ல."

"ரெண்டும் எண்பத்தொன்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"ரெண்டும் பூமிதான். ஆனா வேற வேற சரக்கு. உங்க கல்லு கறுப்பு ரகம், அலுமினியம் ஏகத்துக்கும் கலந்திருக்கு. பெருசுல அலுமினியமே இல்லன்னு சொல்லலாம். சுத்தமான பச்சை ரகம். தரை தேய்க்கற கல்லுல இது வராது. மெருகு போடற நைஸ் உப்புத்தாள்ல வரும்."

சிட்டு தலையைத் தூக்கினாள். "சார், உங்க மேஜையில ஒரு பச்சைத் தாள் இருக்குமே?"

மேகம் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். "அது... போன வருஷம் காலண்டருக்குப் போட்டோ எடுத்தாங்கல்ல? நம்ம விண்கல்லு மங்கலா இருந்துச்சு. ஒரு ஓரத்துல மட்டும் லேசா, ரொம்ப லேசா, தேச்சேன். கரைக்கும்போது எல்லாம் போயிடும்னு நெனச்சேன்."

"எந்த அமிலத்துலயும் போகாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறது யாரு சார்?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு காதை அடைத்தது. காலண்டர்! கரைக்கப்போகிற கல்லுக்கு அலங்காரம்! நான் ஒரு மனிதரை இருபத்திரண்டு வருஷம் பின்பக்கமாகக் குளிக்க அனுப்பினேன். காய்ச்சலில்கூட. இவர் குளுகுளு அறையில் உட்கார்ந்து பச்சைத் தாளால் தேய்த்திருக்கிறார். இதையெல்லாம் மேகத்திடம் சொல்லித்தான் இருப்பேன், எந்திரக்காரர் காதைப் பொத்திக்கொண்டார் என்று பிறகு சிட்டு சொன்னாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வேலை செய்த இடம் புதிதாகக் கட்டுகிற ஒரு நூலகம். பஸ் நகரவே மாட்டேன் என்றது. பாதியில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். பெரிய கூடத்தின் மூலையில், எந்திரம் போக முடியாத இடத்தில், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், கை எல்லாம் சாம்பல் நிறம். ஜன்னல் வெயிலில் அவரைச் சுற்றித் தூசி மிதந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் கல்லைக் கீழே வைத்தார்.

"அங்கயே நில்லு, அங்கயே நில்லு. இங்கெல்லாம் தூசி."

நான் நிற்கவில்லை. ஈரச் சேறும் காய்ந்த பொடியுமாகக் கிடந்த தரையில் நேராக நடந்தேன். செருப்பு, சேலை ஓரம் எல்லாம் வெள்ளையாயிற்று.

"உங்களுது இல்லங்க" என்றேன்.

"எது?"

"அந்தத் தூசி. உங்களுது இல்ல. அது எங்க சாரோடது. போட்டோவுக்காகத் தேச்சிருக்காரு."

அவர் சிரிப்பார், கிண்டலடிப்பார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு வேலை?"

"தப்பிச்சிடுச்சு."

"அப்ப சரி" என்றார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே எழுந்தார். "இரு, ரெண்டு நிமிஷம். குழாய் வெளியிலதான் இருக்கு. குளிச்சிட்டு வந்துடறேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே குழாயைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். நறநறவென்று இருந்தது. தூசி படாத நிலையில்தான் இத்தனை வருஷமாக அந்தக் கையை எனக்குத் தெரியும். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"விடும்மா. உனக்கு வேலை இருக்குல்ல? ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். நீங்க உக்காருங்க" என்றேன். "இனிமே நான் குளிச்சுக்கறேன்."